ஜப்பானில் பேட்டையோடு ஒட்டிக்கொள்வது எப்படி

ஜப்பானுக்கு வந்து இரண்டு மூன்று வருஷம் ஆன நம் ஆட்களிடம் பேசிப் பாருங்கள், புலம்பல் ஒன்றுதான். ஆபீஸில் எல்லாரும் மரியாதையாக இருக்கிறார்கள், கடையில் குனிந்து நன்றி சொல்கிறார்கள், எதிர்வீட்டுக்காரர் லிஃப்டில் பார்த்தால் தலையாட்டுகிறார், ஆனால் ஜுரம் வந்து நாலு நாள் வெளியே வராமல் கிடந்தால் ஏன் ஆளைக் காணோம் என்று கேட்க ஒருத்தர் கிடையாது. சனி ஞாயிறு வந்தால், டோக்கியோவில் நம் ஆட்கள் நிறைய இருக்கிற நிஷிகசாயில் யாராவது ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் பிரியாணி, அரட்டை, கடைசி ரயில், மறுபடி திங்கட்கிழமை. அதுவும் வேண்டும்தான், நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் குடியிருக்கிற தெருவிலேயே நாலு பேர் நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று ஆசை இருந்தால் வேறு வழி பார்க்க வேண்டும்.

முதலில் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். நம் ஊரில் முதலில் பழகுவோம், பழகிய பிறகு கொஞ்சம் கை கொடு என்று வேலைக்குக் கூப்பிடுவோம். இங்கே அது தலைகீழ். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் சேர்ந்து செய்கிறவர்களுக்குள்தான் பேச்சு தொடங்குகிறது. அதனால் ஜப்பானிய நண்பர்கள் வேண்டும் என்று கிளம்பாதீர்கள், செய்ய ஆள் போதாமல் இருக்கிற ஒரு வேலையைத் தேடிக் கிளம்புங்கள். அந்த மாதிரி வேலைக்கு இங்கே பஞ்சமே இல்லை. மேசை தூக்கவும் கூடாரம் கட்டவும் எழுபது வயதுக்காரர்கள்தான் நிற்கிறார்கள். முப்பது வயதில் ஒருவர் வந்து நின்றால் அவர் எந்த நாட்டுக்காரர் என்பதெல்லாம் இரண்டாம் பட்சம்தான். 2024 கடைசிக் கணக்குப்படி ஜப்பானில் வாழும் வெளிநாட்டவர் ஏறக்குறைய 37.7 லட்சம் பேர், அதில் இந்தியர் மட்டும் 50 ஆயிரத்துக்கு மேல். உங்களைப் பார்த்து யாரும் அதிசயப்படப் போவதில்லை, சின்ன ஊர்களைத் தவிர.

எங்கே தேடுவது

சர்வதேச நட்புறவு என்று பெயர் வைத்து நடத்தும் கூட்டங்களை நம்பி உட்காராதீர்கள். ஒரு தடவை போய்ப் பாருங்கள், தப்பில்லை. ஆனால் அங்கே கடைசிவரை நீங்கள் விருந்தாளிதான். சட்டையில் நாட்டின் பெயரை ஒட்டிக்கொண்டு, குச்சியில் சாப்பிட வருமா, நாத்தோ என்கிற புளித்த சோயா பிடிக்குமா என்ற கேள்விகளுக்கு வருஷக்கணக்கில் பதில் சொல்லிக்கொண்டிருக்கலாம். இதற்கு ஒரே விதிவிலக்கு, பேட்டையில் தன்னார்வலர்கள் நடத்தும் ஜப்பானிய மொழி வகுப்பு. இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ நடக்கும். அங்கே சொல்லிக்கொடுக்க வருகிறவர் பெரும்பாலும் பேட்டையில் எல்லாரையும் தெரிந்த, ஓய்வுபெற்ற ஒரு அம்மாவாகவோ பெரியவராகவோ இருப்பார். இலக்கணத்தைவிட அவர் சொல்லும் விவரங்கள் பெரிசு. எனக்கு இது பிடிக்கும், இதில் சேர என்ன வழி என்று அவரிடம் கேளுங்கள். ஜப்பானில் தானாகக் கதவைத் தட்டுவதற்கும் தெரிந்தவர் ஒருவர் அழைத்துப் போவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

அடுத்தது கோஹோ. நகராட்சியோ வார்டு அலுவலகமோ அச்சடித்து வெளியிடும் இதழ், வீட்டுக்கே வரும், இல்லாவிட்டால் ரயில் நிலையத்திலும் நூலகத்திலும் அடுக்கி வைத்திருப்பார்கள். நம் ஆட்கள் அதைப் பிரிக்காமலே பழைய பேப்பரோடு கட்டிப் போடுகிறார்கள். பல ஊர்களின் கோஹோவில் உறுப்பினர் தேவை என்று சின்ன எழுத்தில் ஒரு பகுதி வரும்: டேபிள் டென்னிஸ், பாட்டுக்குழு, தூரிகை எழுத்து, மலையேற்றம், பறவை பார்ப்பது, கோ என்ற பலகை விளையாட்டு, எதுவும் இருக்கும். போன் கேமராவில் மொழிபெயர்த்துப் படித்துவிடலாம். அதில் உள்ள குழுக்களில் நிறைய கோமின்கான் என்ற சமுதாயக் கூடத்தில் கூடும். 1949இல் வந்த சமூகக் கல்விச் சட்டத்தின்படி ஊருக்கு ஊர் இதை நடத்துகிறார்கள். டோக்கியோவின் 23 வார்டுகளில் பெரும்பாலும் வேறு பெயரில் இருக்கும், எடோகவா வார்டில் கம்யூனிட்டி காய்கான் என்பார்கள். கட்டடத்துக்குள் நுழைந்ததும் ஒரு அறிவிப்புப் பலகை இருக்கும், எந்த அறையில் எந்தக் கிழமை எந்தக் குழு என்று எழுதியிருக்கும். போன் செய்யத் தயக்கமாக இருந்தால் அந்த நேரத்துக்கு நேரே போய் கென்காகு, அதாவது சும்மா உட்கார்ந்து பார்க்க, அனுமதி கேளுங்கள். யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். ஓரமாக ஒரு நாற்காலி போட்டுத் தருவார்கள், கூடவே தேநீரும் வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரயில் நிலைய வாசலிலோ இணையத்திலோ முதல் நாளே உருகி உருகிப் பேசி, அடுத்த நாளே கூட்டத்துக்கு வா, சாப்பாடு போடுகிறோம், வாழ்க்கை மாறும் என்றெல்லாம் யாராவது அழைத்தால் அது மதக் கூட்டமாகவோ ஆள் சேர்த்துக் காசு பண்ணும் வியாபாரமாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். உண்மையான பேட்டைக் குழுக்கள் அப்படி ஒட்டிக்கொள்ளாது. உங்கள் பெயரைக் கேட்கவே அவர்களுக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும்.

செலவே இல்லாத ஒரு தொடக்கம்

எதில் தொடங்குவது என்று தெரியாவிட்டால் ரேடியோ டைசோவுக்குப் போங்கள். வானொலிக்கு உடற்பயிற்சி செய்வது, அவ்வளவுதான். 1928இல் தொடங்கியது, இப்போது எல்லாரும் செய்யும் முதல் வரிசை 1951இல் வந்தது. தினமும் காலை 6:30க்கு என்எச்கே வானொலியில் பத்து நிமிஷம். பெரிய பூங்காக்களில் ஒரு தாத்தா சின்ன ரேடியோவைப் பெஞ்சில் வைத்துவிட்டுக் காத்திருப்பார், ஒவ்வொருவராக வந்து அவரவர் இடத்தில் நிற்பார்கள். ஆமாம், அவரவர் இடம். அறிவிக்கப்படாத இட ஒதுக்கீடு அங்கே உண்டு. முதல் நாள் பின்னால் ஓரமாக நில்லுங்கள், முன்னால் நிற்பவரைப் பார்த்துக் கையைத் தூக்கினால் போதும். மொழி தேவையில்லை, கட்டணம் இல்லை, உறுப்பினர் படிவம் இல்லை. தொடர்ந்து வருகிறீர்கள் என்று தெரிந்த பிறகு ஒருநாள் நீங்கள் வராவிட்டால் மறுநாள் யாராவது ஒருவர் நேற்று என்ன ஆச்சு என்று கேட்பார். கோடை விடுமுறையில் பள்ளிப் பிள்ளைகள் அட்டையில் முத்திரை வாங்க வருவார்கள், அப்போது உங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகலாம். மழை நாளிலும் கூரைக்கு அடியில் நாலு பேர் நிற்பார்கள். அந்த நாலில் ஒருவராக இருந்து பாருங்கள், உங்களுக்கு மரியாதையே வேறு.

சோனாய்காய்

இதுதான் நடுநாயகம், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சோனாய்காய் என்பது தெருக்காரர்கள் சங்கம். சில இடங்களில், முக்கியமாக அடுக்குமாடிக் குடியிருப்புகளில், ஜிச்சிகாய் என்பார்கள். மாதம் சில நூறு யென் சந்தா. சேர்வது கட்டாயமில்லை. அரசுக் குடியிருப்பில் இருந்த ஒருவர்மேல் அங்குள்ள சங்கம் தொடர்ந்த வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றமே, உறுப்பினர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று தீர்ப்பளித்திருக்கிறது. அதனால் இளம் ஜப்பானியர்களே நிறையப் பேர் சேர்வதில்லை. உங்களுக்கு அதுதான் வாசல். சேரவே ஆள் இல்லாத இடத்தில் வந்து சேர்கிறவரைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

எப்படிச் சேர்வது? குப்பை போடும் இடத்தில் பெரும்பாலும் சங்கத்தின் பெயர்ப்பலகை இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரிடமோ கட்டட மேலாளரிடமோ தலைவர் யார் என்று கேட்கலாம். இல்லாவிட்டால் வார்டு அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். புதிதாகக் குடிவந்திருந்தால் இன்னும் சுலபம்: எதிரே மூன்று வீடு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு வீடு, அங்கெல்லாம் போய் ஒரு சின்னத் துண்டோ பிஸ்கட் பெட்டியோ கொடுத்து வணக்கம் சொல்வது பழைய வழக்கம். ஐநூறு யென்னிலிருந்து ஆயிரம் யென்னுக்குள் முடித்துக்கொள்ளுங்கள், அதிகமாகப் போனால் பதிலுக்கு என்ன தருவது என்று அவர்களுக்குத் தலைவலி. அப்போதே சோனாய்காய் பற்றிக் கேட்டுவிடுங்கள். மைசூர்பாகு கொடுக்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். கொடுக்கலாம்தான், ஆனால் முதல் தடவை கடையில் வாங்கிய, தனித்தனியாகச் சுற்றிய பண்டமாக இருக்கட்டும். வீட்டில் செய்ததை முன்பின் தெரியாதவரிடம் வாங்கிச் சாப்பிட இங்கே யோசிப்பார்கள்.

சேர்ந்த பிறகு இரண்டு விஷயம் வீடு தேடி வரும். ஒன்று காய்ரன்பான். கிளிப் வைத்த அட்டையில் நாலைந்து தாள், மேலே வீட்டுக்காரர்களின் பெயர் வரிசை, உங்கள் பெயருக்கு எதிரே முத்திரை குத்தியோ கையெழுத்துப் போட்டோ அடுத்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும். உள்ளே திருவிழா அறிவிப்பு, சாக்கடை சுத்தம் செய்யும் தேதி, சைக்கிள் திருட்டு எச்சரிக்கை எல்லாம் இருக்கும். புரியவில்லை என்று வாரக்கணக்கில் மேசையில் வைத்திருப்பதுதான் வெளிநாட்டவர் மேல் சொல்லப்படும் முதல் குறை. அன்றைக்கே ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடுங்கள், அப்புறம் நிதானமாக மொழிபெயர்த்துப் படிக்கலாம். கதவில் மாட்டிவிட்டு ஓடிவராமல் ஒருமுறை மணியடித்துக் கையில் கொடுங்கள், பக்கத்து வீட்டம்மாவோடு பேச இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

இன்னொன்று குப்பை முறை. காக்காய் கிளறாமல் இருக்கப் போடும் நீல வலையை விரிப்பது, வண்டி போன பிறகு வலையை மடித்து வைத்து, சிந்தியதைப் பெருக்கி, தண்ணீர் ஊற்றுவது. ஒரு வாரம் உங்களுக்கு, அடுத்த வாரம் அடுத்த வீட்டுக்கு. இதைப் பிசகாமல் செய்தால் போதும், பேட்டையில் உங்கள் மதிப்பெண் ஏறிவிடும். ஜப்பானியம் சரளமாகப் பேசிக்கொண்டு கிழமை மாற்றிக் குப்பை போடுகிறவரைவிட, பேச்சே வராமல் வலையை ஒழுங்காக மடிக்கிறவரைத்தான் அவர்களுக்குப் பிடிக்கும்.

ஹான்சோ என்ற பொறுப்பும் சுழற்சியில் வரும், பத்துப் பதினைந்து வீட்டுக்கு ஒருவர், வருஷத்துக்கு வருஷம் ஆள் மாறும். சந்தா வசூல், காய்ரன்பான் கிளப்பிவிடுவது, கூட்டத்துக்குப் போய் உட்காருவது. மொழி வராது என்று சொல்லித் தப்பித்துவிடலாம், அவர்களும் வற்புறுத்த மாட்டார்கள். ஆனால் என் கட்சி, வாங்கிக்கொள்ளுங்கள் என்பதுதான். வீடு வீடாகச் சந்தா வசூலிக்கப் போகிறவருக்கு அந்தத் தெருவில் தெரியாத முகம் இருக்காது. கூட்டத்தில் பாதி புரியாது, பரவாயில்லை, தெருக்காரர்களுக்கும் அங்கே பாதிதான் காதில் விழும்.

செப்டம்பர் 1 பேரிடர் தடுப்பு நாள், 1923இல் காந்தோ நிலநடுக்கம் வந்த தேதி. அதையொட்டி பேட்டையில் ஒத்திகை நடத்துவார்கள்: தீயணைப்புக் குடுவை அடிப்பது, நெஞ்சை அமுக்கி உயிர் காப்பது, வெந்நீர் ஊற்றினால் சோறாகும் பொட்டலத்தைப் பிரிப்பது. தவறாமல் போங்கள். 1995இல் கோபே நிலநடுக்கத்தில் இடிபாட்டில் சிக்கி உயிரோடு மீண்டவர்களில் பெரும்பாலோரை வெளியே இழுத்தது மீட்புப் படை இல்லை, குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும்தான். அந்த வீட்டில் இரண்டு பெரியவர்களும் ஒரு குழந்தையும் இருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். அந்த நிலநடுக்கத்தில் வெளிநாட்டவருக்கு அறிவிப்புகள் புரியாமல் போனதிலிருந்துதான் யசாஷி நிஹோங்கோ என்ற எளிய ஜப்பானியத்தை உருவாக்கினார்கள். யாராவது கடினமாகப் பேசினால் "யசாஷி நிஹோங்கோ தே ஒனேகாய் ஷிமாஸ்" என்று சொல்லுங்கள், அரை ஆங்கிலத்துக்குத் தாவாமல் நிதானமாகப் பேசுவார்கள்.

திருவிழா

ஒரே நாளில் நூறு பேருக்கு முகம் தெரிய வேண்டுமானால் திருவிழாதான். ஆனால் பார்க்கப் போகாதீர்கள், வேலைக்குப் போங்கள். பழைய ஆட்களுக்கு வெளிநாட்டவர் மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு, முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள்: சாப்பிட மட்டும் வருகிறார்கள், பந்தல் கட்டும்போது காணோம். இந்த ஒரு குறையை நீங்கள் பொய்யாக்கினால் மற்றதெல்லாம் தானாக வரும். டோக்கியோவை ஒட்டிய சைத்தாமாவின் கவாகுச்சியில் ஷிபாசோனோ என்று ஒரு பெரிய குடியிருப்பு. ஏறக்குறைய ஐயாயிரம் பேர் வாழ்கிறார்கள், பாதிக்கு மேல் வெளிநாட்டவர், அதில் சீனர்களே அதிகம். ஒரு காலத்தில் அங்கே வெளியே கிடந்த மேசையில் யாரோ வெறுப்பு வாசகம் எழுதியிருந்தார்கள். கல்லூரி மாணவர்கள் கூடி, குடியிருப்பவர்களையும் சேர்த்துக்கொண்டு, அதன்மேல் வண்ணத்தில் கை அச்சுகளைப் பதித்து மறைத்தார்கள். பேச்சுவார்த்தைக் கூட்டம் போட்டிருந்தால் யார் வந்திருப்பார்கள் சொல்லுங்கள். கையில் சாயம் பூசிக்கொள்ள வந்தார்கள்.

மிகோஷி என்கிற சாமிப் பல்லக்கைத் தூக்கவும் ஆள் தேவைப்படும். அசாகுசாவின் சாஞ்சா மாத்சுரி மாதிரி பெரிய விழாவில் புதியவருக்கு இடம் கிடைப்பது கடினம், அந்தந்தப் பேட்டையின் ஹான்டென் மேலங்கி இல்லாமல் கம்பில் கை வைக்கவே விட மாட்டார்கள். உங்கள் பேட்டையின் சின்னக் கோயில் விழாவைப் பிடியுங்கள், சோனாய்காயில் இருந்தால் அங்கியை அவர்களே இரவல் தருவார்கள். நிஷிகசாய் பக்கம் இருப்பவர்களுக்கு அதே தோசாய் லைனில் மொன்சென்நகாச்சோ இருக்கிறது, அங்கே தோமியோகா ஹாச்சிமான் கோயிலின் பெரிய விழா மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஆகஸ்டில் வரும், தூக்குகிறவர்கள் மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். 2023இல் நடந்தபோது எட்டு வருஷமாகப் பக்கத்திலேயே குடியிருந்த நம் ஆட்கள் பலர் முதல் தடவையாகப் பார்த்தார்கள். தூக்குவதில் உயரமானவர்கள் தோளில்தான் பாரம் முழுக்க இறங்கும், குள்ளமாக இருந்தால் கம்பு தோளில் படவே படாது, இரண்டுமே சங்கடம்தான். உங்கள் உயரத்தில் இருப்பவர்களோடு சேர்ந்து நில்லுங்கள். தோளில் மடித்த துண்டை வைத்துக்கொள்ளலாம். மறுநாள் தோள் சிவந்து வீங்கியிருக்கும், அதைப் பெருமையாகக் காட்டிக்கொள்வது அங்கே வழக்கம், நீங்களும் காட்டுங்கள். சாமி காரியத்தில் ஈடுபட உங்கள் மதம் இடம் தராது என்றால் அதுவும் பரவாயில்லை, தண்ணீர் விநியோகம், போக்குவரத்தை நிறுத்துவது, மேசை நாற்காலி என்று பத்து வேலை இருக்கும்.

பாரம் வேண்டாம் என்றால் போன் ஒதோரி. கோடையில் மைதானத்தின் நடுவே மேடை கட்டி, மேலே டிரம் அடிக்க, சுற்றிலும் வட்டமாக ஆடிக்கொண்டே நகர்வார்கள். நம் கும்மி ஆடியவருக்கு இது ஒன்றும் புதிதில்லை. தான்கோ புஷி என்ற பாட்டு எல்லா இடத்திலும் வரும், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளின் பாட்டு: வலது பக்கம் இரண்டு தரம் தோண்டு, இடது பக்கம் இரண்டு தரம் தோண்டு, தோள்மேல் அள்ளி வீசு, நெற்றியில் கை வைத்துத் திரும்பிப் பார், வண்டியைத் தள்ளு, கைதட்டு. மேடைக்குப் பக்கத்து வட்டத்தில் ஒரே மாதிரி யுகாதா என்ற கோடை கிமோனோ கட்டிய அம்மாக்கள் ஆடுவார்கள், அவர்கள்தான் வாத்தியார்கள், யாராவது ஒருவருக்குப் பின்னால் நின்று அப்படியே செய்யுங்கள். பல பேட்டைகளில் ஒரு வாரம் முன்பே பயிற்சி நடக்கும், காய்ரன்பானில் தேதி வரும். திருவிழாவைவிடப் பயிற்சிக்குப் போவதுதான் புத்திசாலித்தனம். இதையே வருஷம் முழுக்கச் செய்ய ஆசை வந்தால் தெருவில் ஊர்வலமாக ஆடும் ஆவா ஒதோரிக் குழுக்கள் இருக்கின்றன. டோக்கியோவின் கோயென்ஜியில் 1957 முதல் நடக்கிற விழாவுக்கு அங்குள்ள குழுக்கள் மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கும், புதியவர்களைச் சேர்த்துக்கொள்ளும் குழுக்களும் உண்டு. ஆனால் அது விளையாட்டில்லை, வாராவாரம் வர முடிந்தால் மட்டும் சேருங்கள்.

உள்ளே போன பிறகு

பெயரில் தொடங்குவோம், ஏனென்றால் தமிழர்களுக்கு முக்கியமாக வருகிற சிக்கல் இது. இங்கே எல்லாரையும் குடும்பப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பா பெயர் உட்கார்ந்திருக்கும். சும்மா விட்டால் வருஷம் முழுக்க உங்களை அப்பா பெயர் சொல்லி சுப்பிரமணியன் சான் என்று கூப்பிடுவார்கள், நீங்களும் யாரையோ கூப்பிடுவதாக நினைத்துத் திரும்ப மாட்டீர்கள். மனைவியை உங்கள் பெயராலேயே கூப்பிடுவார்கள். முதல் நாளே உங்கள் பெயரில் மூன்று நான்கு எழுத்துக்கு வருகிற மாதிரி ஒன்றைத் தேர்ந்து வெளிநாட்டுப் பெயர்களுக்கான காதாகானா எழுத்தில் எழுதிக் காட்டி, இப்படிக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிடுங்கள். கார்த்தி, செல்வா, மாலா, எதுவானாலும் சரி.

நேரம்: சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் நாற்காலி விரிக்கிறார்கள், பேச்சும் அங்கேதான் நடக்கிறது. உதவட்டுமா என்று கேட்காதீர்கள், கேட்டால் தாய்ஜோபு, வேண்டாம் என்றுதான் பதில் வரும், அது நாகரிகம். யாராவது மேசையின் ஒரு முனையைத் தூக்கினால் மறு முனையைப் பிடித்துக்கொண்டு, "கொரே, தோகோ தெஸ் கா", இதை எங்கே வைப்பது என்று கேளுங்கள். முடிந்ததும் அதே மாதிரி மடித்து வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். முன்னதாகப் போக வேண்டியிருந்தால் சொல்லிக்கொண்டு போங்கள், நழுவாதீர்கள்.

லைன் என்ற போன் செயலியில் உள்ள குழுவில் சேர்ப்பார்கள். சேர்த்தால் நீங்கள் பாதி உள்ளே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். வருகிறாயா இல்லையா என்று கேட்டால் தேதிக்குள் பதில் போடுங்கள், வர முடியாவிட்டாலும். படித்துவிட்டுச் சும்மா இருப்பதும், வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசி நிமிஷத்தில் கழன்றுகொள்வதும் இங்கே பேர் கெட்டுப்போக நேர்வழி. பார்க்கலாம், முயற்சி பண்ணுகிறேன் என்று நாம் சொல்கிற பதிலும் அப்படித்தான். அவர்களும் மழுப்புவார்கள், அது வேறு. நீங்கள் புதியவர், தெளிவாகச் சொல்லுங்கள்.

வேலை முடிந்த பிறகு நடக்கும் உச்சிஆகே விருந்தைத் தவிர்க்காதீர்கள். குடிக்காதவர் ஊலாங் டீ கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், ஆனால் எல்லாரும் கோப்பையைத் தூக்கி கான்பாய் சொல்லும்வரை வாய் வைக்காதீர்கள். சைவம் என்றால்தான் பாடு. சாறு, குழம்பு எதை எடுத்தாலும் தாஷி என்ற மீன் சாறு கலந்திருக்கும், வெறும் தோஃபுவின் மேல்கூட கட்சுவோ மீன் சீவலைத் தூவித்தான் கொண்டுவருவார்கள். ஏற்பாடு செய்கிறவருக்கு இரண்டு நாள் முன்பே ஒரு வரி அனுப்புங்கள், கறியும் மீனும் சாப்பிட மாட்டேன், எதமாமே என்ற பச்சை சோயாக் காயும் உருளைக்கிழங்கு வறுவலும் போதும், எனக்காகக் கடையை மாற்ற வேண்டாம் என்று. வீட்டில் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பங்குப் பணத்தை முழுசாகக் கொடுங்கள், நான் ஒன்றும் சாப்பிடவில்லையே என்று கணக்குப் பார்க்காதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

கணவரோ மனைவியோ வேலைக்குப் போக, கூடவந்து வீட்டில் இருப்பவர்களின் தனிமை பெரிய தனிமை. சார்ந்தோர் விசாவில் அனுமதி வாங்கி வாரம் 28 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம், மொழி இல்லாமல் அதுவும் கஷ்டம். கைக்குழந்தை இருந்தால் ஜிதோகான் என்ற சிறுவர் மையத்துக்குக் காலை வேளையில் போங்கள், இலவசம், தாய்மார்கள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள், குழந்தையின் வயதுதான் முதல் கேள்வி, அங்கிருந்து பேச்சு போகும். பள்ளி போகும் பிள்ளை இருந்தால் பெற்றோர் சங்கத்தில் பிள்ளைகள் சாலை கடக்கும் இடத்தில் கொடி பிடிக்கும் முறையைக் கேட்டு வாங்குங்கள். சமிதி வேலை மாதிரி தாள் எழுத வேண்டியதில்லை, நின்று காலை வணக்கம் சொன்னால் போதும். சமைக்கப் பிடித்தவர்களுக்கு கொதோமோ ஷொகுதோ. 2012இல் டோக்கியோவின் ஓட்டா வார்டில் ஒரு காய்கறிக் கடையில் தொடங்கிய பிள்ளைகள் சாப்பாட்டுக்கூடம், இன்று நாடு முழுக்க 10 ஆயிரத்துக்கு மேல் ஆகிவிட்டது, எல்லாம் தன்னார்வலர்கள்தான். ஷாக்யோ எனப்படும் சமூகநல மன்ற அலுவலகத்தில் கேட்டால் பக்கத்தில் எது இருக்கிறது என்று சொல்வார்கள். வெங்காயம் நறுக்கத் தெரிந்தால் போதும், நமக்கா தெரியாது.

சேர்த்துக்கொள்ளாவிட்டால்

அதுவும் நடக்கும், மூடி மறைக்க ஒன்றுமில்லை. 2017இல் சட்ட அமைச்சகம் வெளியிட்ட ஆய்வில், வீடு தேடிய வெளிநாட்டவரில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் வெளிநாட்டவர் என்ற காரணத்தால் மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். குழுக்களிலும் அப்படி உண்டு. எப்படிக் கண்டுபிடிப்பது? பேசாமல் இருப்பது மறுப்பில்லை, பலர் உங்கள் மொழியை நினைத்துப் பயந்து பேசாமல் இருப்பார்கள். ஆனால் மூன்று நான்கு மாதம் தொடர்ந்து போன பிறகும் அடுத்த கூட்டத்தின் தேதியை உங்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை, எந்த வேலையும் கையில் தரவில்லை என்றால் அது பதில்தான். சண்டை போடாமல் வேறு குழு பாருங்கள், பக்கத்து அறையிலேயே இன்னொன்று இருக்கும். உங்களை இலவச ஆங்கில வாத்தியாராக மட்டுமே பார்க்கிற குழுவும் அந்தக் கணக்குதான். சட்டப்படியே திறக்காத கதவுகளும் உண்டு. உதாரணமாக மின்செய் இன் என்ற பேட்டை நலப் பொறுப்புக்கு வாக்குரிமை வேண்டும், ஜப்பானியக் குடியுரிமை இல்லாமல் அது கிடையாது. சோனாய்காய் தலைவராக ஆவதற்கு அப்படித் தடை இல்லை.

எப்போது தொடங்குவது என்று கேட்டால், ஏப்ரல். இங்கே எல்லாமே ஏப்ரலில்தான் புதிதாகத் தொடங்கும், சந்தாவும் காப்பீடும் பொறுப்பும் அப்போதுதான் மாறும். அதைத் தவறவிட்டால் டிசம்பர் கடைசி இரவுகள். மரக்கட்டைகளைத் தட்டிக்கொண்டு, நெருப்பு ஜாக்கிரதை என்று கத்திக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றும் ரோந்துக்கு எப்போதும் ஆள் குறைவு, குளிர் அப்படி. மூன்று வார்த்தை மட்டும் தெரிந்தால் போதும், "ஹி நோ யோஜின்", அதையும் எல்லாரும் சேர்ந்துதான் கத்துவார்கள்.

ஊர் மாறும்போது ஒழுங்காக விடைபெறுங்கள், அடுத்து அந்தத் தெருவுக்கு வருகிற வெளிநாட்டவருக்கு அது உதவும். ஒரு மாதம் முன்பே தலைவரிடம் நேரில் சொல்லுங்கள். ஹான்டெனைத் துவைத்து, மடிப்புக் கலையாமல் ஒரு பையில் போட்டுத் திருப்பிக் கொடுங்கள். ஹான்சோ பொறுப்பு இருந்தால் வசூல் நோட்டையும் பணத்தையும் எண்ணிக் காட்டி ஒப்படையுங்கள். ஒருவருக்கு ஒன்று வருகிற மாதிரி பிஸ்கட் பெட்டி வாங்கி வையுங்கள். லைன் குழுவில் நன்றி எழுதிவிட்டு உடனே வெளியேறிவிடாதீர்கள், இரண்டு நாள் விடுங்கள், ஒவ்வொருவராகப் பதில் போடுவார்கள்.